முதலில் சூடு, பிறகு சர்க்கரை, அப்புறம்தான் பால்

தம்பி, மழையில் கிடந்த பூனைக்குட்டிக்கு எந்தப் பால், எத்தனை மில்லி கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களையும் சேர்த்துப் படித்தேன். நேற்று இரவு சாக்கடை ஓரம் கிடந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கண் இப்போதுதான் கீற்றாகத் திறக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. அம்மா பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி இங்க் ஃபில்லரில் விட்டும் வாயோரம் வழிகிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. காலையிலிருந்து கத்தவும் இல்லை. ஆக, இந்தக் குட்டி பிழைக்குமா, அதற்கு இந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் பால் கொடுப்பதை நிறுத்துங்கள். குட்டியின் உடம்பு சில்லென்று இருக்கும்வரை ஒரு சொட்டுப் பால்கூட வேண்டாம். கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் உடம்புச் சூடு குறைந்த குட்டிக்குக் குடல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கி, வயிறு உப்பி, மேலே எதுக்களித்து வரும். விழுங்கும் பலமும் இல்லாததால் அது நுரையீரலுக்குள் இறங்கும். இப்படிக் கைக்கு வரும் குட்டிகள் பசியால் சாவதைவிடக் குளிராலும், குளிர்ந்த உடம்பில் புகட்டிய பாலாலும் சாவதே அதிகம் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. கால்நடை ஆய்வாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் வேலை மாடும் ஆடும்தான். பூனைக்குட்டிகள் வீட்டு வாசலில் வந்து சேர்ந்தவை. எங்கள் தெருவில் யாருக்குத் தாயில்லாக் குட்டி கிடைத்தாலும் அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். முதலில் வந்த குட்டியை நான் காப்பாற்றவில்லை. ஐப்பசி அடைமழை, ராத்திரி பத்து மணி. துவட்டி, மடியில் வைத்து, வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நான்காவது சொட்டிலோ ஐந்தாவதிலோ மூக்கின் ஒரு துளையில் வெள்ளையாக ஒரு குமிழி வந்து உடைந்தது. அது என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை, துடைத்துவிட்டு இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். விடியும்போது மூச்சு விடுவது நெற்றுக்குள் விதை ஆடுவதுபோலக் கேட்டது. ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது. அந்தக் குமிழிதான் பால் தவறான வழியில் போனதற்கு அடையாளம். உங்கள் குட்டியின் மூக்கில் நேற்றிரவு அப்படி ஏதாவது வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

சரி, சூடு ஏற்றுவது எப்படி? ஈரம் இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் ரோமத்தின் அடிவரை துவட்டுங்கள். இரண்டு குளிர்பான பாட்டில்களில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, பழைய பனியனிலோ கைலித் துணியிலோ இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சின்ன அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் அவற்றை வைத்து, குட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்து, மேலே துணி போடுங்கள். மூக்கை மூட வேண்டாம். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி அங்கே நகர்ந்துகொள்ளும். நகரக்கூட முடியாத குட்டி என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்கள் புறங்கையை உள்ளே வைத்துப் பாருங்கள். பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும், அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கல் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து வைத்தாலும் நன்றாகச் சூடு நிற்கும். கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல பல்பு போடலாமா என்று கேட்பார்கள். பழைய குண்டு பல்பு என்றால் போடலாம், ஆனால் தொடர்ந்து எரிந்தால் குட்டியின் உடம்பில் நீர் வற்றும். எல்.இ.டி. பல்பில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. எதுவுமே கைவசம் இல்லையென்றால் உங்கள் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டுச் சூடு ஏற்றக் கூடாது. சுடுதண்ணீரில் முக்குவது, அடுப்புப் பக்கம் காட்டுவது, ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பது எதுவும் வேண்டாம். ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகட்டும். பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளச் சரியாகத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் அதற்குச் சூடு. அதனால் நடுக்கம் இல்லையே, குளிர் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மெடிக்கலில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், முனையில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் வைத்துப் பாருங்கள். இந்த வயதுக் குட்டிக்கு 97 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 95-க்குக் கீழே இருக்கும்வரை வாய்வழி எதுவும் புகட்டக் கூடாது.

ஒன்றை மட்டும் இடையிலேயே செய்யலாம், அது சர்க்கரை. பல மணி நேரம் பட்டினி கிடந்த குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். துவண்டு கிடப்பதற்கும், தலை ஆடுவதற்கும், சில குட்டிகளுக்கு வெட்டி இழுப்பதற்கும் பல நேரம் அதுதான் காரணம். ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை நான்கு டீஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். குளுக்கோஸ் இல்லையென்றால் சர்க்கரையே போதும். சுத்தமான விரலை அதில் தொட்டு ஈறிலும் உதட்டின் உட்புறமும் தடவுங்கள். தடவ மட்டும்தான், ஊற்றக் கூடாது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்யலாம். சூடும் சர்க்கரையும் ஏறிய குட்டி அரை மணியிலோ ஒரு மணியிலோ தலையைத் தூக்கி மெல்ல ‘ம்யீ’ என்று ஒரு சத்தம் விடும். எத்தனை குட்டிகளைப் பார்த்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் கை நடுங்கும்.

சூடு வந்துவிட்டதா, அடுத்து உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. கையைக் கழுவிவிட்டுச் சுண்டு விரல் நுனியை வாய்க்குள் விட்டு மேல் அண்ணத்தை லேசாகத் தடவுங்கள். நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தால் வாய்வழி கொடுக்கலாம். விரல் சும்மா கிடந்தால் கொடுக்கக் கூடாது. உடம்பு சூடான பிறகும் உறிஞ்சவே இல்லையென்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அவர் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவார், தேவைப்பட்டால் குழாய் வழியாக வயிற்றுக்குப் பால் விடுவார். அந்தக் குழாய் வேலையை வீடியோ பார்த்து நீங்களே முயற்சி செய்யாதீர்கள். ஒரு நூல் தவறினால் குழாய் நுரையீரலுக்குள் போய்விடும்.

உறிஞ்சுகிறது என்றால் முதல் ஓரிரு வேளைக்குப் பாலுக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குட்டி சின்னது என்று கண்ணளவாகக் கொஞ்சம் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டால் உப்பு கூடிவிடும். கொடுத்த கரைசல் வயிற்றில் தங்கினால் பாலுக்குப் போகலாம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி, எந்தப் பால்? பிராணிகள் கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால் மாவு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பூனையின் பாலில் புரதம் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கொழுப்பும் அதிகம். பசும்பாலில் லாக்டோஸ் மிகுதி, அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கைக்குழந்தைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் கலந்து கொடுப்பது வழக்கமாக இருக்கிறது, அது இன்னும் கேடு. பூனைக்குட்டிக்குப் பசும்பாலே நீர்த்த பால்தான். குழந்தைகளின் பால் பவுடரிலும் புரதம் போதாது. தானிய மாவுக் கஞ்சி இந்த வயதில் செரிக்காது. ஆட்டுப்பால் விஷயத்தில்தான் கருத்து பிரிகிறது. சில குட்டிகளுக்கு அது ஒத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் லாக்டோஸ் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் முழு உணவாக நம்பக் கூடாது. இன்று ஞாயிறு, கடை இல்லை என்றால் ஓரிரு நாளைக்கு மட்டும் இப்படிச் சமாளிக்கலாம்: லாக்டோஸ் நீக்கிய பால், அது கிடைக்காவிட்டால் தண்ணீர் கலக்காத கொழுப்புள்ள பால், கால் லிட்டருக்கு ஒரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும் அடித்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வெள்ளைக் கரு வேண்டாம், சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். இதை வைத்துக் குட்டியை வளர்த்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

எத்தனை மில்லி என்பதற்கு எடை தெரிய வேண்டும். சமையலறைத் தராசு இல்லையென்றால் மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். கண் கீற்றாகத் திறக்கிறது என்றால் எட்டு முதல் பன்னிரண்டு நாள் குட்டியாக இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் 150 முதல் 250 கிராம், உங்களுடையது குறைவாகவே இருக்கும். நூறு கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி, வயிறு தாங்கும் அளவு அவ்வளவுதான். 150 கிராம் குட்டிக்கு 6 மில்லி. முதல் நாள் இதில் பாதியை, அதாவது 3 மில்லியை, இரண்டு மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். அடுத்த நாளிலிருந்து மெல்லக் கூட்டி, மூன்று மணிக்கு ஒரு தடவை ஆக்கலாம். ராத்திரியும் எழுந்திருக்கத்தான் வேண்டும். நீங்களும் அம்மாவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். பாலின் சூடு மணிக்கட்டின் உட்புறம் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். மிச்சமான பாலைக் கொட்டிவிடுங்கள்.

கொடுக்கும் விதம் பாலைவிட முக்கியம். நம் வீடுகளில் கைக்குழந்தையை மல்லாக்கப் போட்டுப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டிப் பழகிய கை, பூனைக்குட்டியையும் அப்படியே மல்லாக்கத் திருப்பும். அது கூடவே கூடாது. குட்டி தாயிடம் எப்படிக் குடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குப்புறப் படுத்து, முன்னங்கால்களால் தாயின் வயிற்றைப் பிசைந்து, தலையை நேராக வைத்துக் குடிக்கும். அதே நிலையில் மடியில் ஒரு துண்டின்மேல் படுக்க வையுங்கள். தலையை அண்ணாக்கத் தூக்காதீர்கள். இங்க் ஃபில்லரில் அழுத்தினால் எவ்வளவு வருகிறது என்று தெரியாது, ஊசி கழற்றிய 1 மில்லி அல்லது 2 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். வாயின் ஓரத்தில் வைத்து ஒரு துளி, அது விழுங்குவது தொண்டையில் தெரியும், பிறகு அடுத்த துளி. வேகம் குட்டியுடையது, உங்களுடையது அல்ல. இருமினாலோ மூக்கில் பால் வந்தாலோ உடனே நிறுத்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். சரியாகக் குடிக்கும் குட்டிக்குக் காது இரண்டும் தாளம் போடுவதுபோல அசையும், அதைப் பார்த்துப் பழகினால் சிரிஞ்சைப் பார்க்கவே வேண்டாம்.

குடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மூன்று வார வயதுவரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித்தான் வரவழைக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வால் அடியில் லேசாக, விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டே இருங்கள். அரை நிமிஷத்தில் சிறுநீர் வரும். அதன் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நிறமில்லாமல் இருந்தால் உடம்பில் நீர் போதுமானது, அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை இவ்வளவு சின்னக் குட்டியிடம் சரியாக வராது. மலம் தினமும் வர வேண்டும் என்பதில்லை, ஆனால் இரண்டு நாளாக வராமல் வயிறு கல்லாக இருந்தால் காட்டுங்கள். தண்ணீராகப் போனால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

சாக்கடை ஓரம் கிடந்த குட்டி என்பதால் உடம்பு முழுக்கப் புரட்டிப் பாருங்கள். ஈறு வெளிறி வெள்ளையாக இருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தைக் குடித்திருக்கலாம். பேன் சீப்பால் வாரி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். நாய்க்குப் போடும் பூச்சி மருந்தைப் போட்டால் குட்டி செத்துவிடும். அதில் பல மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைகளுக்கு விஷம். இப்போது குளிப்பாட்டவும் வேண்டாம். தொப்புள், ஆசனவாய், காயம் ஏதாவது இருந்தால் அதன் ஓரம், இங்கெல்லாம் அரிசிபோல வெள்ளையாக ஈ முட்டையோ, நெளியும் புழுவோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புழு இருந்தால் அன்றைக்கே மருத்துவர். கண்ணில் பீளை ஒட்டியிருந்தால் காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவிட்டுத் துடைக்கலாம், பிய்த்து எடுக்காதீர்கள். பால் வாசனைக்கு எறும்பு வரும். பலவீனமான குட்டியை எறும்பு மொய்த்தால் அதற்கு நகரக்கூடத் தெரியாது. பெட்டியை ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் பலகாரப் பீரோவுக்குச் செய்த அதே வேலைதான். அப்புறம், பாராசிட்டமால் எந்த வடிவத்திலும், எந்த அளவிலும் வேண்டாம், பூனைக்கு அது உயிரை எடுக்கும். டெட்டால் போட்டுத் துடைப்பது, சளிக்குத் தைலம் தடவுவது இரண்டும் ஆபத்து.

மருத்துவரிடம் எப்போது போவது? முடிந்தால் இன்றைக்கே. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ இருந்தாலோ, வெட்டி இழுத்தாலோ, இரண்டு மணி நேரம் சூடு கொடுத்தும் உடம்பில் சூடு ஏறாவிட்டாலோ காத்திருக்கவே கூடாது. போகும்போதும் சூடான பாட்டிலோடு பெட்டியில் கொண்டுபோங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வெளியூர் என்றால் ஊரில் உள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் தொடங்கி, அவர்கள் சொல்லும் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். ‘இவ்வளவு சின்னது, பிழைக்காது, விட்டுவிடுங்கள்’ என்று ஓர் இடத்தில் பார்க்காமலேயே திருப்பி அனுப்பப்பட்ட குட்டி ஒன்று எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தது. ஒரு இடத்தில் முடியாது என்றால் இன்னொரு இடம் பாருங்கள்.

அதேநேரம் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. சூடு, சர்க்கரை, பால் மூன்றும் சரியாகச் செய்தும் சில குட்டிகள் போய்விடும். நேற்றிரவு பால் நுரையீரலில் இறங்கியிருக்கிறதா, பிறவிக் கோளாறு ஏதாவது உண்டா, தொற்று இருக்கிறதா, பிறந்த முதல் நாள் சீம்பால் குடித்ததா, இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முதல் மூன்று நாள் தாண்டினால் எனக்கு நம்பிக்கை வரும். அதற்கு முன் பிழைக்கும் என்றும் சொல்ல மாட்டேன், பிழைக்காது என்றும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்காகவும் ஒரு வார்த்தை. குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். பூனை வழியாகவும் வெறிநோய் வரும், ஊசி அங்கே இலவசம். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரம் கிட்டே சேர்க்காதீர்கள். குட்டி கிடந்த இடத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் இடம் மாற்றும், மழையில் ஒன்று தவறியிருக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. தாய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால், குட்டி தேறிய பிறகு சேர்த்துவிடலாம், அந்தப் பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. குளிர்ந்த நிலையில் மட்டும் கொண்டுபோய் வைக்காதீர்கள். சில்லென்ற குட்டியைப் பல தாய்கள் ஒதுக்கிவிடும்.

ஒரு நோட்டில் நேரம், குடித்த அளவு, சிறுநீர், உடம்புச் சூடு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தினமும் காலையில் பால் கொடுக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கிராம் ஏற வேண்டும். முதல் நாள் ஏறாவிட்டாலும் இறங்காமல் இருந்தால் போதும். இப்போது பாட்டிலில் வெந்நீர் நிரப்புங்கள். சூடு எத்தனை டிகிரி வந்தது, விரலை உறிஞ்சுகிறதா என்று இரண்டு மணி நேரம் கழித்து எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.